ஒன்றுக்குச் சொன்னது வேறொன்றுக்குச் சென்றால்: தரவு என்னும் அமானிதம்

திருத்தணி தமிழகத்தின் ஊர் என்பதை இன்று எவரும் ஐயுறுவதில்லை. மலைமீது முருகன் கோயில், அதற்கு ஏறும் 365 படிகள், அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, 1888இல் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்ற பெயர் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆயினும் 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அம்மாநிலத்துக்கே சென்றது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக, இரு மாநிலங்களுக்கும் இடையே எல்லையை வகுக்கும் பொறுப்பு எச்.வி.பட்டாஸ்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய பரிந்துரையின் அடிப்படையில் 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் இணைந்தது. மாற்றாகச் சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன.

அந்த எல்லைக்கோட்டை வரைய உதவியது எது? பட்டாஸ்கர் மூன்று அளவுகோல்களைக் கைக்கொண்டார். கிராமத்தை அலகாகக் கொள்வது முதலாவது; நிலத்தொடர்ச்சி இரண்டாவது; அக்கிராமத்தில் எம்மொழி பேசுவோர் மிகுதி என்பது மூன்றாவது. மூன்றாவது அளவுகோலுக்கு விடை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்தது. கணக்கெடுப்பாளர் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து "தாய்மொழி எது?" என்று கேட்டார், வீட்டிலிருந்தவர் ஒரு சொல்லில் விடை சொன்னார். தமிழும் தெலுங்கும் உருதுவும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் அந்த வட்டாரத்தில், அத்தகைய ஒற்றைச் சொற்கள் பல்லாயிரம் சேர்ந்து ஓர் ஊரின் மாநிலத்தையே தீர்மானித்தன.

மக்கள் தம்மைப் பற்றிச் சொல்லும் விவரம் எத்தகைய ஆற்றல் உடையது என்பதற்கு இது நமக்கு அருகிலுள்ள சான்று. இன்று "தரவு" என்று நாம் அழைப்பது அதையே. அன்று பத்தாண்டுகளுக்கு ஒரு முறை வாசலில் நின்று கேட்கப்பட்டது, இன்று நம் கைப்பேசி வழியாக நாள் முழுவதும் திரட்டப்படுகிறது. அன்று கேட்டது அரசு. இன்று திரட்டுவோரில் பெரும்பாலோர் வணிக நிறுவனத்தார். இந்த மாற்றத்தின் வரலாற்றையும், மார்க்க நோக்கில் அதன் நெறியையும் அறிந்துகொள்வது நம் குடும்பங்களுக்குத் தேவையாகிறது.

பதிவு செய்வது தவறா?

விவரங்களைத் திரட்டுவதும் எழுதி வைப்பதும் தம்மளவில் தவறல்ல. இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததையும், அவ்வாறு எழுதியபோது ஆயிரத்து ஐந்நூறு ஆண்கள் இருந்ததையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் 'தீவான்' என்னும் பதிவேட்டை நிறுவி, அதன்படி மக்களுக்கு உதவித்தொகை வழங்கினார்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு நேரக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதனுள் அடங்கியுள்ளது.

எனவே கேள்வி வேறு. எந்த நோக்கத்துக்காகக் கேட்டார்கள்? அதே நோக்கத்துக்காகத்தான் பயன்படுத்தினார்களா? யாருடைய நலன் கருதிப் பயன்படுத்தினார்கள்?

இந்தியாவின் 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் இக்கேள்விக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. தனிமனிதரின் விவரம் அடங்கிய கணக்கெடுப்புப் பதிவைப் பிறர் பார்வையிட இயலாது. பொதுவாக நீதிமன்றத்தில் சான்றாகவும் அதைக் கொண்டுவர முடியாது. அதனை வெளியிடும் அலுவலருக்குத் தண்டனை உண்டு. திருத்தணியின் எல்லைக்கு ஊர்வாரித் தொகை பயன்பட்டது. எந்தக் குடும்பம் எந்த மொழியைச் சொன்னது என்ற ஏடு எவர் கையிலும் விற்பனைக்கு வரவில்லை.

இந்தக் காப்பு இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது. நெதர்லாந்து நாட்டின் குடிமக்கள் பதிவேட்டில், இரண்டாம் உலகப் போருக்கு முன்பே, ஒவ்வொருவரின் சமயமும் நிர்வாகத் தேவைக்காகக் குறிக்கப்பட்டிருந்தது. எழுதியவர்களுக்குத் தீய எண்ணம் இல்லை. சொன்னவர்களுக்கும் அச்சம் இல்லை. 1940இல் நாஜிப் படை அந்நாட்டைக் கைப்பற்றியதும் அதே பதிவேடு யூதர்களைத் தேடிப் பிடிக்கும் கருவியாயிற்று. அங்கிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச் 27 அன்று ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ப்புக் குழுவினர் தீ வைத்தார்கள். ஆனால் அட்டைகளில் ஒரு பகுதியே அழிந்தது. அட்டையில் இருந்த எழுத்து மாறவில்லை. அதை வைத்திருந்த கை மாறியது.

மார்க்கத்தின் அளவுகோல்

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, வேறு எவரேனும் கேட்கிறார்களா என்று அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால், அவர் சொன்ன செய்தி அமானிதமாகிவிடுகிறது என்ற கருத்தில் நபிமொழி ஒன்று திர்மிதீ, அபூதாவூத் ஆகிய தொகுப்புகளில் உள்ளது. "வெளியில் சொல்லாதீர்" என்று அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. அவருடைய தயக்கமே போதும். பொன்னும் பொருளும் மட்டுமல்ல, பிறரைப் பற்றி நாம் அறிந்த விவரமும் அமானிதமே. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58).

பிறரைத் துருவித் துருவி ஆராய்வதை சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது (49:12). அனுமதி பெறாமல் பிறர் வீட்டினுள் நுழைவதை சூரத்துந் நூர் தடுக்கிறது (24:27). தம் வீட்டுக் கதவின் துளை வழியே ஒருவர் எட்டிப் பார்த்ததை அறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கோரும் முறை வகுக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று உணர்த்தினார்கள். காலடி உள்ளே படாவிட்டாலும், பார்வை நுழைந்தாலே அத்துமீறல் என்பது இதன் பொருள். வணிகத்துக்கோ இரு தரப்பாரின் மனமொப்பிய இசைவு அடிப்படையாக்கப்பட்டிருக்கிறது (4:29).

இவற்றை ஒன்றுசேர்த்தால் நமக்கு மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. சொன்ன நோக்கத்தை மீறக் கூடாது. கேளாமல் எட்டிப் பார்க்கக் கூடாது. இசைவு மனமொப்பியதாக இருக்க வேண்டும்.

விற்பனைக்கு வந்த கவனம்

இலவசமாகவோ அடக்க விலைக்குக் குறைவாகவோ ஒன்றைக் கொடுத்து, அதைப் பெறுபவரின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்பது புதிய வணிகமல்ல. 1833இல் நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்பவர், மற்ற நாளிதழ்கள் ஆறு சென்ட்டுக்கு விற்றபோது, 'சன்' என்ற நாளிதழை ஒரு சென்ட்டுக்கு விற்றார். இழப்பை ஈடுசெய்தது விளம்பரம். ஆனால் அந்த நாளிதழ் தன்னைப் படிப்பவர் யார் என்பதை அறியாது. எந்தப் பக்கத்தில் அவர் நெடுநேரம் நின்றார், அடுத்து எந்தக் கடைக்குச் சென்றார் என்பதையும் அறியாது.

அறியும் ஆற்றல் இணையத்தோடு வந்தது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் கூகுள் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. மக்கள் எதைத் தேடுகிறார்களோ அதற்கேற்ற விளம்பரம் காட்டப்பட்டது. 2004இல் தொடங்கிய ஃபேஸ்புக்கில் மக்கள் தம் பெயர், ஊர், கல்வி, உறவு, விருப்பம் ஆகியவற்றைத் தாமே எழுதினார்கள். நண்பர்களுக்காக எழுதியவை அவை. 2007 நவம்பரில் அந்நிறுவனம் 'பீக்கன்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. வேறு இணையதளங்களில் ஒருவர் வாங்கிய பொருளின் விவரம் அவருடைய நண்பர்களுக்கு அறிவிக்கப்பட்டது. மனைவிக்கு வியப்பளிக்க எண்ணி ஒருவர் வாங்கிய மோதிரம் பற்றிய செய்தி, மனைவி உட்பட எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துபோயிற்று. எதிர்ப்பும் வழக்கும் எழவே, 2009இல் அத்திட்டம் மூடப்பட்டது.

மூடப்பட்டது திட்டம் மட்டுமே, முறை தொடர்ந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றை நடத்தும் மெட்டா நிறுவனம் 2024ஆம் ஆண்டில் ஈட்டிய மொத்த வருவாய் சுமார் 16,450 கோடி டாலர். அதில் 16,000 கோடி டாலருக்கும் மேல் விளம்பரத்தால் வந்தது. இத்தகைய நிறுவனங்கள் நம் பெயர்ப்பட்டியலை மூட்டை கட்டி விற்பதில்லை. "இந்த வயதினர், இந்த ஊரினர், இதை வாங்கக் கூடியவர்" என்று நம்மை வகைப்படுத்தி, நம் கண்முன் தோன்றும் உரிமையை ஒவ்வொரு கணமும் ஏலத்தில் விடுகின்றன. நம்மைப் பற்றிய விவரம் எவ்வளவு நுட்பமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஏலத்தொகை உயரக்கூடும். ஆகவே மேலும் மேலும் அறிந்துகொள்ளும் வேட்கை அவ்வணிகத்தின் இயல்பிலேயே அமைந்துள்ளது.

வாக்கு மாறிய வரலாறு

நம் குடும்பங்களில் பெரிதும் புழங்கும் வாட்ஸ்அப்பின் வரலாறு இதைத் தெளிவாக்கும். ஜான் கூம், பிரையன் ஆக்டன் ஆகிய இருவர் 2009இல் அதைத் தொடங்கினர். கூம் சோவியத் ஆட்சிக்கால உக்ரைனில் வளர்ந்தவர். தொலைபேசி ஒட்டுக்கேட்கப்படும் அச்சத்தை அறிந்தவர். விளம்பரத்துக்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். ஆண்டுக்கு ஒரு டாலர் கட்டணம் என்பதே அவர்களின் வணிக முறையாக இருந்தது.

2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தது. இரு செயலிகளின் பயனர் கணக்குகளைத் தானாக இணைத்துப் பொருத்த இயலாது என்று ஐரோப்பிய ஆணையத்திடம் அப்போது கூறப்பட்டது. 2016 ஆகஸ்டில் வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கை மாற்றப்பட்டு, தொலைபேசி எண் உள்ளிட்ட விவரங்கள் ஃபேஸ்புக்குடன் பகிரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. முன்னர்த் தவறான தகவல் அளித்ததற்காக 2017 மே மாதத்தில் ஐரோப்பிய ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. பின்னர் நிறுவனர் இருவருமே விலகிச் சென்றனர்.

இந்தியாவில் இரண்டு மாணவர்கள் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினர். அவ்வாண்டு செப்டம்பர் 25க்கு முன் திரட்டப்பட்ட விவரங்களை ஃபேஸ்புக்குடன் பகிரக் கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி ஆதார் தொடர்பாகத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் மீண்டும் கொள்கையை மாற்றியது. ஏற்காதவர்கள் செயலியை வழக்கம்போல் தொடர்ந்து பயன்படுத்த முடியாது என்ற நிலை எழுந்தது. இந்தியப் போட்டி ஆணையம் இதனை விசாரித்து, 2024 நவம்பர் 18 அன்று மெட்டாவுக்கு 213 கோடியே 14 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பர நோக்கில் விவரங்களைப் பகிர்வதற்கு ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. மேல்முறையீட்டில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் தடையை நீக்கி, அபராதத்தை உறுதி செய்தது.

நீதியோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் தனிச்செய்திகளின் உள்ளடக்கம் 2016 முதல் முழுமையாக மறையாக்கம் செய்யப்படுகிறது. அனுப்புபவரும் பெறுபவரும் அன்றி இடையில் எவரும் அதைப் படிக்க இயலாது. இவ்வழக்குகளின் பொருள், எண், பயன்பாட்டு முறை, கருவி போன்ற சுற்று விவரங்களைப் பற்றியது. அவற்றை அற்பம் என்று எண்ணுவதற்கில்லை. ஒருவர் யாரோடு, எந்நேரத்தில், எவ்வளவு அடிக்கடி பேசுகிறார் என்பதே அவருடைய வாழ்க்கையின் பாதியைச் சொல்லிவிடும்.

தொழுகை நேரம் கேட்டவர்களுக்கு நேர்ந்தது

சமூக ஊடக நிறுவனங்கள் மட்டுமே இவ்வாறு செய்கின்றன என்று எண்ணிவிடலாகாது. தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலி உலகெங்கும் 9 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்டிருந்தது. அச்செயலி பயனர்களின் இருப்பிட விவரத்தை எக்ஸ்-மோட் என்ற தரவு வணிக நிறுவனத்துக்கு அனுப்பியதையும், அந்நிறுவனம் தன்னிடம் சேர்ந்த விவரங்களை அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்களுக்கு விற்றதையும் 2020 நவம்பரில் 'மதர்போர்டு' என்ற செய்தித்தளம் வெளிப்படுத்தியது. செய்தி வெளியானதும் முஸ்லிம் புரோ அந்நிறுவனத்துடனான உறவைத் துண்டிப்பதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள் போன்ற நுண்மையான இடங்கள் தொடர்பான இருப்பிட விவரங்களை எக்ஸ்-மோட் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது.

இங்கே எல்லாம் நம் கண்முன் நிற்கிறது. அஸர் நேரம் எப்போது என்று அறிய ஒருவர் தம் இருப்பிடத்தைச் சொன்னார். சொன்ன நோக்கம் இபாதத். சென்ற இடம் சந்தை. அங்கிருந்து இராணுவ ஒப்பந்ததாரரின் கணினி. நெதர்லாந்தின் பதிவேட்டைப் போல இங்கும் எழுதப்பட்டது ஒன்று, கைகள் வேறு.

இசைவு கொடுத்தோமே?

"நாம்தானே ஒப்புக்கொண்டு பொத்தானை அழுத்தினோம், இலவசமாகப் பயன்படுத்துகிறோம், குறை கூறலாமா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். விளம்பரம் ஹராமன்று, சேவைக்கு ஈடு கேட்பதும் தவறன்று. நாட்டு நாளிதழும் அவ்வாறே நடக்கிறது.

ஆனால் இசைவு என்பது அறிந்து தருவது. நம் ஊர் மளிகைக் கடைக்காரரை எண்ணிப் பாருங்கள். எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் மாதக் கடைசியில் கடன் ஏறுகிறது என்பதெல்லாம் அவருடைய பற்றுவரவு ஏட்டில் உண்டு. அந்த ஏட்டை அவர் மருந்துக் கடைக்கும் வட்டிக் கடைக்கும் விற்றால், "என் கடைக்கு வந்தபோதே இசைந்துவிட்டீர்" என்று சொல்வதை எவர் ஏற்பார்? பல பக்க நிபந்தனைகளைச் சட்ட மொழியில் எழுதி, ஏற்றால் உள்ளே, மறுத்தால் வெளியே என்று நிறுத்துவது மனமொப்பிய இசைவாகாது. என்ன விற்கப்படுகிறது என்பதே தெளிவில்லாத வணிகத்தை, மயக்கம் கலந்த வணிகம் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் தடுத்திருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

335 பேரும் ஐந்தரை லட்சம் பேரும்

நிறுவனங்களின் பிழையைச் சொல்லி முடித்துவிட்டால் பாதியே சொன்னதாகும். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018 மார்ச்சில் வெடித்தது. ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் வந்த ஒரு செயலி மூலம் உலகெங்கும் 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலான விவரங்கள் அரசியல் ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்குச் சென்றிருக்கலாம் என்று ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க வணிக ஆணையம் அதற்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

இந்தியாவைப் பற்றி ஃபேஸ்புக் அளித்த கணக்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டியது. அச்செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்கள் 5,62,455 பேர். அதாவது, ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதையும் அழுத்தவில்லை, எதற்கும் இசையவில்லை. அவர்களுடைய நண்பர் ஒருவர் அழுத்தினார், அவ்வளவே.

அந்த 335 பேரின் இடத்தில் நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நிற்கிறோம். புதிய செயலி ஒன்று "தொடர்பு எண்களைக் காண அனுமதிக்கவா?" என்று கேட்கும்போது, நாம் கொடுப்பது நம்முடையதை அல்ல. நம்மை நம்பி எண்ணைத் தந்த உறவினர், அண்டை வீட்டார், மதரஸா உஸ்தாத், ஜமாஅத்தின் முதியவர் ஆகியோருடையதை. நிக்காஹ் வீட்டில் எடுத்த படத்தில் நம் பிள்ளைகளோடு பிறர் பிள்ளைகளும் பெண்களும் இருக்கிறார்கள். அதைப் பொதுவெளியில் பதிவிடும்போது அவர்களிடம் கேட்டோமா? ஜகாத் உதவி கோரியவரின் மருத்துவச் சீட்டையும் குடும்ப அட்டையையும் குழுவுக்குக் குழு அனுப்பும்போது, உதவிக்காக அவர் சொன்ன துயரம் எங்கெங்கோ அலைகிறது. நோக்கத்தை மீறுவதே நிறுவனத்தின் குற்றமென்றால், அதே குற்றம் சிறிய அளவில் நம் விரல்நுனியிலும் நிகழ்கிறது.

செய்யக் கூடியவை பல உண்டு. தொழுகை நேரச் செயலியில் இருப்பிட அனுமதியை நீக்கிவிட்டு ஊரின் பெயரை மட்டும் தேர்ந்துகொள்ளலாம். திருத்தணியில் இருப்பவருக்கு ஊர்ப்பெயரே போதும். தெருவைச் சொல்லத் தேவையில்லை. மஹல்லா பள்ளியின் நேர அட்டவணை எதையும் கேட்பதில்லை. தேவையற்ற செயலிக்குத் தொடர்பு எண்களை மறுக்கலாம். பிறர் படத்தைப் பதிவிடுமுன் கேட்கலாம். உதவி கோருபவரின் பெயரையும் முகத்தையும் மறைத்து வேண்டுகோளை அனுப்பலாம்.

சட்டமும் மெல்ல வருகிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே இசைவு செல்லும் என்கிறது. இசைவு கோரும் அறிவிப்பைத் தமிழிலும் பெற வழி செய்கிறது. 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களுக்குப் பெற்றோர் இசைவைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அரசுக்கு அது விரிந்த விலக்குகளை அளித்திருப்பது குறையே. பதிவேடு எவர் கையில் இருந்தாலும் கேள்வி கேட்கும் உரிமை மக்களுக்கு வேண்டும் என்பதை வரலாறு உணர்த்துகிறது.

சட்டம் எட்டாத இடங்களிலும் எட்டுவது தக்வா. பிறர் நம்மிடம் நம்பிச் சொன்ன ஒரு சொல்லும், தந்த ஓர் எண்ணும் மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் அமானிதங்களே. அவற்றை ஒப்படைத்தவர்களின் நோக்கம் மாறாமல் காக்கும் ஆற்றலை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.